அமெரிக்காவின் ஆரம்பகால எழுத்தும் பிரசங்க மேடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க இலக்கியப் பாடத்தைத் திறந்தால் கதையும் கவிதையும் வருவதற்கு முன்பே பிரசங்கங்கள் வந்து நிற்கின்றன. பாவம், நரகம், மனந்திரும்புதல் என்று பக்கம் பக்கமாக ஓடும். பலர் அந்தப் பகுதியைப் புரட்டித் தள்ளிவிட்டு எட்கர் ஆலன் போவிடம் போய்விடுகிறார்கள். அப்படித் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்வதற்காகவே இந்தக் கேள்விகளும் பதில்களும். அடுத்தவர் மனத்தை எழுத்தால் அசைக்க அந்த நாடு எங்கே கற்றுக்கொண்டது என்று கேட்டால், என் பதில் பிரசங்க மேடை. மதத்தை விட்டு விலகியவர்கள்கூட அங்கே பழகிய உத்திகளை விடவில்லை.

ஒரு நாட்டின் இலக்கியம் ஏன் பிரசங்கத்தில் தொடங்குகிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மண்ணின் இலக்கியம் அங்கே தொடங்கவில்லை. பூர்வகுடி மக்களிடம் கதைகளும் பாடல்களும் சபை உரைகளும் பல தலைமுறைகளாக இருந்தன. இங்கே பேசுவது ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை பற்றி, அதிலும் நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு அமெரிக்கப் பகுதி பற்றி மட்டும்தான்.

அங்கே குடியேறிய பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய கண்டிப்பான கிறிஸ்தவர்கள், ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே வாசித்தாக வேண்டும் என்று நம்பினார்கள். அதனால் பள்ளிக்கூடமும் அச்சகமும் சீக்கிரமே வந்தன. 1636-இல் ஹார்வர்டு கல்லூரி. 1640-இல் அந்தக் குடியேற்றங்களில் அச்சான முதல் புத்தகம், அது ஒரு சங்கீதப் புத்தகம். 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்றுத்தர ஒருவரை அமர்த்த வேண்டும் என்று மாசசூசெட்ஸில் 1647-இல் சட்டமே போட்டார்கள். நாடகத்துக்கு இடமில்லை. ஞாயிறன்று காலையும் பிற்பகலும் பிரசங்கம். உபவாச நாள், தேர்தல் நாள், ஒருவரைத் தூக்கிலிடும் நாள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பிரசங்கம் உண்டு. கேட்பவர்களில் பலர் குறிப்பெடுத்து, வீட்டுக்குப் போய் அதைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு வாதம் எப்படி நகர வேண்டும் என்பது சாதாரண விவசாயிக்கும் காதில் பழகியிருந்தது.

அந்தப் பிரசங்கங்களுக்கு ஒரு வடிவம் உண்டா?

உண்டு. முதலில் ஒரு வேத வசனம். அதிலிருந்து ஒரே வாக்கியத்தில் ஒரு போதனை. அப்புறம் அந்தப் போதனைக்கான காரணங்கள், எண்ணிட்டு வரிசையாக. கடைசியில் அதைக் கேட்பவரின் வாழ்க்கைக்குக் கொண்டுவரும் பகுதி. நடை எளிமையாக இருக்க வேண்டும். லத்தீனும் கிரேக்கமும் கற்ற போதகர்தான், ஆனால் மேடையில் அந்தப் படிப்பைக் காட்டக்கூடாது. இந்த வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் அக்காலத்து அரசியல் துண்டுப்பிரசுரங்களிலும் அதன் சாயல் தெரியும்.

‘மலையின்மேல் இருக்கிற பட்டணம்’ என்ற புகழ்பெற்ற உரைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கமா?

மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தலைவர் ஜான் வின்த்ரோப் 1630-இல் எழுதிய உரை அது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்து உவமையை எடுத்து, உலகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தம்மோடு குடியேற வந்தவர்களுக்குச் சொன்னார். இன்று அமெரிக்க அரசியல்வாதிகள் அதைத் தங்கள் நாட்டின் பெருமைக்குச் சான்றாக இழுக்கிறார்கள். உண்மையில் அது பெருமைப் பேச்சே கிடையாது, எச்சரிக்கை. கடவுளோடு செய்த உடன்படிக்கையில் தவறினால் ஊர் சிரிக்கும் என்கிறார். உரையின் பெரும்பகுதி ஏழைக்குக் கடன் கொடுப்பது, கடனை மன்னிப்பது, ஒருவர் சுமையை ஒருவர் சுமப்பது பற்றியது. அது அச்சேறியதே 1838-இல்தான். எனவே தொடக்கம் என்று சொல்வதைவிட, பிற்காலத்தவர் தேடி எடுத்துத் தொடக்கத்தில் வைத்துக்கொண்டது என்பதே சரி.

ஜோனதன் எட்வர்ட்ஸ் யார்?

1703-இல் கனெடிகட்டில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். 13 வயது நிறைவதற்குள் கல்லூரியில் சேர்ந்து, 1720-இல் பட்டம் பெற்றார். நியூட்டனையும் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கையும் ஆசையாகப் படித்தவர். இளவயதில் காற்றில் மிதந்து செல்லும் சிலந்திகளைக் கூர்ந்து கவனித்து, அவை நூலை எப்படிப் பறக்கவிடுகின்றன என்று 1723-இல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பிறகு மாசசூசெட்ஸின் நார்த்தாம்டனில் தாத்தா சாலமன் ஸ்டாடர்டின் சபைக்குப் போதகரானார். 1734-35-இல் அந்த ஊரில் பெரிய எழுப்புதல், அதாவது பலர் ஒரே காலத்தில் மனந்திரும்பும் பக்தி அலை, ஏற்பட்டது. அதைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை லண்டனில் அச்சாகி அவருக்குப் பெயர் தேடித் தந்தது.

அந்தச் சிலந்தியை மறந்துவிடாதீர்கள்.

1741 ஜூலை 8 அன்று என்ன நடந்தது?

என்ஃபீல்டு என்ற ஊரில் எட்வர்ட்ஸ் விருந்தினராக வந்து பிரசங்கித்தார். ‘கோபமுற்ற கடவுளின் கைகளில் பாவிகள்’ என்று பின்னர் அச்சான பிரசங்கம் அது. சுற்றுவட்டாரமெல்லாம் எழுப்புதலில் இருந்தபோது என்ஃபீல்டு மட்டும் அசையாமல் இருந்ததாகச் சொல்வார்கள். கூட்டத்தில் இருந்த ஸ்டீபன் வில்லியம்ஸ் என்ற போதகரின் நாட்குறிப்பு நம்மிடம் உள்ளது. பிரசங்கம் முடிவதற்கு முன்பே வீடு முழுக்க அலறல், ‘நான் இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும், ஐயோ நான் நரகத்துக்குப் போகிறேன்’ என்று கூக்குரல், அதனால் பிரசங்கியார் நிறுத்த வேண்டியதாயிற்று என்று அவர் எழுதுகிறார்.

இத்தனைக்கும் எட்வர்ட்ஸ் கத்துகிற ஆள் இல்லை. கையை வீசவும் மாட்டார். பொடி எழுத்தில் எழுதிய தாள்களை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் நிதானமாகப் பேசுபவர். அதே பிரசங்கத்தைச் சில வாரங்களுக்கு முன் தம் சொந்த சபையிலும் செய்திருந்தார்.

குரலும் இல்லை, நடிப்பும் இல்லை என்றால் எதைக் கேட்டு அலறினார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பிரசங்கத்தை ‘நரக வர்ணனை’ என்று நினைத்துப் படித்தால் அதன் வலிமை பிடிபடாது.

அவர் எடுத்த வசனம் உபாகமம் 32:35, ‘ஏற்றகாலத்தில் அவர்களுடைய கால் தள்ளாடும்.’ வழுக்கலான இடத்தில் நிற்பவனை யாரும் தள்ள வேண்டியதில்லை, அவன் எடையே அவனைக் கீழே கொண்டுபோகும் என்று அதிலிருந்து எடுக்கிறார். பிறகு ஒரே வாக்கியத்தில் போதனை: துன்மார்க்கரை எந்த நொடியிலும் நரகத்துக்கு வெளியே வைத்திருப்பது கடவுளின் விருப்பம் ஒன்றுதான், வேறெதுவும் இல்லை.

அதன்பின் பத்துக் காரணங்கள். இங்கே அவர் செய்வது ஒரு வழக்கறிஞரின் வேலை. கேட்பவர் எந்தெந்தக் கதவு வழியாகத் தப்பிக்கப் பார்ப்பார் என்று யோசித்து ஒவ்வொன்றாக அடைக்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறதா? அது உத்தரவாதம் ஆகாது. கண்ணுக்கெட்டிய வரை ஆபத்து இல்லையா? அதுவும் ஆகாது. ஜாக்கிரதையான ஆளா? ஜாக்கிரதையானவர்களும் திடீரென்று செத்துத்தான் போகிறார்கள். ‘நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன்’ என்று மனத்துக்குள் திட்டம் இருக்கிறதா? நரகத்தில் இருப்பவர்களைக் கேட்டால் அவர்களும் அப்படித்தான் திட்டம் வைத்திருந்தோம் என்பார்கள். மிரட்டலுக்கு முன்பாக ஒரு மூடிய தர்க்கம் கட்டப்பட்டுவிடுகிறது.

இதுவரை ‘அவர்கள்’ என்று பேசிக்கொண்டிருந்தவர், கடைசிப் பகுதியில் ‘நீங்கள்’ என்று திரும்புகிறார். அங்கேதான் காட்சிகள் வருகின்றன. அணைக்குப் பின்னால் ஏறிக்கொண்டே போகும் வெள்ளம். நாண் இழுத்து, உங்கள் நெஞ்சைக் குறிபார்த்து நிற்கும் அம்பு. நெருப்புக்கு மேலே பிடிக்கப்பட்டிருக்கும் சிலந்தி. இந்த மூன்றிலும் ஒன்று பொது: எதுவும் இன்னும் நடந்துவிடவில்லை. அணை உடையவில்லை, அம்பு பாயவில்லை, சிலந்தி விழவில்லை. விழுவதை அவர் வர்ணிப்பதைவிட, விழாமல் தாங்கப்படுவதைத்தான் அதிகம் வர்ணிக்கிறார். கோபமாக இருக்கிற அதே கைதான் தாங்கிக்கொண்டும் இருக்கிறது. இன்று காலை படுக்கையிலிருந்து எழுந்ததற்கும், இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதற்கும் வேறு காரணமே கிடையாது என்கிறார். கேட்பவர் தன் உடம்பின் எடையை உணரத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

அப்புறம் கதவைத் திறக்கிறார். கிறிஸ்து இரக்கத்தின் வாசலை அகலத் திறந்து வைத்து நின்று கூப்பிடுகிறார், பக்கத்து ஊர்க்காரர்கள் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் மட்டும் வெளியே நிற்பீர்களா என்று கேட்கிறார். முதியவர், இளைஞர், சிறுவர் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிறார். பாடத்தொகுப்புகள் பல இந்தப் பகுதியைச் சுருக்கிவிடுகின்றன. அது பெரிய அநியாயம். கதவை வெட்டிவிட்டு அறையை மட்டும் காட்டினால் பிரசங்கியார் கொடூரராகத்தான் தெரிவார்.

யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்று நம்பியவர்கள் எதற்காகப் பிரசங்கித்தார்கள்?

நல்ல கேள்வி, அவர்களே தங்களைக் கேட்டுக்கொண்ட கேள்வியும்கூட. அவர்கள் சொன்ன பதில்: மனம் மாறுவது கிருபையால்தான், ஆனால் அந்தக் கிருபை வந்து சேரும் வழிகளில் பிரசங்கமும் ஒன்று. போதகரின் வேலை வழியைத் தயாராக வைத்திருப்பது.

எட்வர்ட்ஸ் இதை இன்னும் நுட்பமாக யோசித்தார். 1734-இல் அச்சான ஒரு பிரசங்கத்தில், தேன் இனிக்கும் என்று அறிவால் தெரிந்திருப்பதும் தேனைச் சுவைத்திருப்பதும் வேறுவேறு என்று சொல்கிறார். அவருடைய சபையார் எல்லோருக்கும் நரகம் உண்டு என்பது ‘தெரியும்’. சிறுவயதிலிருந்து கேட்டுக்கேட்டு மரத்துப்போன விஷயம். தெரிந்ததைப் புலன்களால் உணரவைக்க முடியுமா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. அறிவெல்லாம் புலன் வழியாகத் தொடங்குகிறது என்று லாக்கிடம் படித்தவர் அல்லவா? சிலந்தியும் அணையும் அலங்காரத்துக்காக வந்தவை இல்லை என்பது இதோடு சேர்த்துப் படித்தால் விளங்கும்.

எப்படிச் சொன்னாலும் அது மக்களைப் பயமுறுத்துவதுதானே? தவறில்லையா?

அதன் விலையை மறைத்துப் பேசக்கூடாது. 1735-இல் நார்த்தாம்டன் எழுப்புதல் உச்சத்தில் இருந்தபோது எட்வர்ட்ஸின் தாயாருடைய சகோதரியின் கணவர் ஜோசஃப் ஹாலி, தன் ஆத்துமாவைப் பற்றிய கவலையில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டார். எட்வர்ட்ஸ் அதை மறைக்கவில்லை, தம் அறிக்கையிலேயே எழுதினார். வேறு சிலருக்கும் அப்படிப்பட்ட எண்ணம் வந்தது என்றும் எழுதினார். ஆனால் ஆறு ஆண்டுகள் கழித்து என்ஃபீல்டில் அதே வழியில்தான் போனார்.

பாலத்தின் கீழே மண் அரித்துவிட்டது என்று உண்மையாகவே நம்புகிறவன் கூவித்தான் எச்சரிப்பான். எட்வர்ட்ஸ் தாம் சொன்னதை நம்பினார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சொல்பவரின் நேர்மை கேட்பவரின் மனத்தைக் காப்பாற்றிவிடாது. ஏற்கனவே உடைந்த நிலையில் இருக்கும் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு அந்தப் பிரசங்கத்தில் இடமே இல்லை. மனத்தை அசைக்கும் எழுத்தைக் கற்றுக்கொள்பவர்கள் இந்தப் பிரசங்கத்தோடு ஹாலியின் கதையையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதே காலத்தில் புகழ்பெற்ற ஜார்ஜ் விட்ஃபீல்டும் இதே பாணியா?

நேர் எதிர். இங்கிலாந்திலிருந்து வந்த அவர் நாடகத்தில் பழகியவர். திறந்தவெளியில் பேசுவார், அழுவார், குரலை ஏற்றி இறக்குவார். அவருடைய பிரசங்கங்களை அச்சிட்டு விற்ற பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு அந்த நம்பிக்கை கிடையாது, ஆனால் நட்பு உண்டு. பிலடெல்பியாவில் விட்ஃபீல்டு பேசும்போது ஃபிராங்க்ளின் பின்னோக்கி நடந்துகொண்டே போய், எவ்வளவு தூரம் குரல் கேட்கிறது என்று அளந்து, 30,000 பேருக்கு மேல் கேட்க முடியும் என்று கணக்குப் போட்டார். இன்னொரு முறை, காணிக்கை போடவே கூடாது என்ற முடிவோடு போனவர், முதலில் செப்புக் காசு போடலாம் என்று இளகி, பிறகு வெள்ளி என்று இளகி, கடைசியில் தங்கம் உட்பட சட்டைப்பையையே காலி செய்துவிட்டு வந்தார். இதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அடிமை முறை பற்றிய வாதத்தில் ஒரே வேதத்தை இரண்டு பக்கமும் பயன்படுத்தியது உண்டா?

தாராளமாக. மாசசூசெட்ஸிலுள்ள சேலம் என்ற ஊரின் சூனிய வழக்குகளில் நீதிபதிகளில் ஒருவராக இருந்தவர் சாமுவேல் சூவல். 1692-இல் 19 பேரைத் தூக்கிலிட்ட வழக்குகள் அவை. 1697-இல் சூவல் தம் சபையில் எழுந்து நின்றார், அவர் பழியை ஏற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்ததைப் போதகர் எல்லோர் முன்னும் வாசித்தார். அதே மனிதர் 1700-இல் ‘யோசேப்பு விற்கப்பட்டது’ என்ற சிறு பிரசுரத்தை வெளியிட்டார். யோசேப்பை அவன் சகோதரர் விற்க எப்படி உரிமை இல்லையோ, அப்படியே ஆப்பிரிக்கரை விற்கவும் யாருக்கும் உரிமை இல்லை என்பது வாதம். நியூ இங்கிலாந்தில் அடிமை முறையை எதிர்த்து அச்சான முதல் பிரசுரம் அதுதான். மறு ஆண்டே ஜான் சாஃபின் என்பவர் ஆபிரகாமிடமே அடிமைகள் இருந்தார்களே என்று பதில் எழுதினார். அவர் தாம் விடுதலை செய்வதாக வாக்களித்திருந்த ஆதாம் என்ற அடிமையை விட மறுத்து வழக்காடிக்கொண்டிருந்தவர்.

எட்வர்ட்ஸும் இதில் தப்பவில்லை. 1731-இல் வீனஸ் என்ற சிறுமியை 80 பவுண்டுக்கு விலைக்கு வாங்கினார். ஒரு நொடியில் மனம் மாற வேண்டும் என்று ஊரையே உலுக்கியவருக்கு இந்த விஷயத்தில் மனம் மாறவில்லை. அவருடைய மகன் இளைய ஜோனதன் எட்வர்ட்ஸ் 1791-இல் அடிமை வணிகத்தையும் அடிமை முறையையும் கண்டித்துப் பிரசங்கித்தார்.

அடிமைப்பட்டவர்கள் தங்கள் குரலில் எழுதினார்களா?

எழுதினார்கள். ஃபில்லிஸ் வீட்லி சிறுமியாக ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு பாஸ்டனில் விற்கப்பட்டவர். 1770-இல் விட்ஃபீல்டு இறந்தபோது அவர் எழுதிய இரங்கற்பா அவரைப் பிரபலமாக்கியது. 1773-இல் அவர் கவிதைத் தொகுப்பு லண்டனில் வந்தது. கறுப்பினத்தவரும் தூய்மை பெற்றுத் தேவதூதர் வரிசையில் சேர முடியும் என்பதை நினைவில் வையுங்கள் என்று கிறிஸ்தவர்களைப் பார்த்தே ஒரு கவிதையில் சொல்கிறார். பணிவான குரல்தான், ஆனால் பிடி இறுகியது.

மோஹிகன் என்ற பூர்வகுடி இனத்தவரான போதகர் சாம்சன் ஆக்கமுக்கு 1774-இல் அவர் எழுதிய கடிதத்தில் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். ஒவ்வொரு மனித நெஞ்சிலும் கடவுள் ஒரு தத்துவத்தைப் பதித்திருக்கிறார், அதன் பெயர் சுதந்திர வேட்கை என்கிறார். சுதந்திரம் வேண்டும் என்று கூவிக்கொண்டே மற்றவர்களை அடக்கிவைப்பவர்களின் முரண்பாட்டைச் சுட்டுகிறார். செய்தித்தாள்கள் அதை வெளியிட்டன. இந்த ஒரு பக்கக் கடிதத்தை அக்காலத்தின் மிகச் சிறந்த வாத எழுத்துகளில் ஒன்றாக வைப்பேன்.

தாமஸ் பெய்ன் மதத்தை எதிர்த்தவர்தானே? அவர் எப்படி இந்த வரிசையில்?

அமெரிக்க விடுதலைக்காக அவர் எழுதிய ‘காமன் சென்ஸ்’ என்ற பிரசுரம் 1776 ஜனவரியில் வந்தபோது அவர் பெயர்கூட அதில் இல்லை. இங்கிலாந்து அரசரிடமிருந்து பிரிய வேண்டும் என்று சாதாரண மக்களை நம்பவைக்க அவர் எதை எடுத்தார் என்று பாருங்கள். சாமுவேலின் முதல் புத்தகம். இஸ்ரவேலர் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்டது பாவம், ராஜா உங்கள் பிள்ளைகளையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரித்தார் என்று வசனம் வசனமாக எடுத்துப் போடுகிறார். அந்தப் பகுதியை மேடையில் வாசித்தால் பிரசங்கம் என்றே நினைப்பார்கள். ஞாயிறு தோறும் கேட்டுப் பழகிய வாத முறை அரசியலுக்கு வந்ததும், வாசகருக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

பிறகு 1794-இல் ‘தி ஏஜ் ஆஃப் ரீசன்’ நூலில் அதே வேதத்தின் அதிகாரத்தை மறுத்து, என் மனமே என் ஆலயம் என்று அறிவித்தார். கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பினார், திருச்சபைகளை நம்பவில்லை. அந்த நூலால் அமெரிக்காவில் அவர் செல்வாக்கு சரிந்தது. 1809-இல் இறந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலர்.

இந்த வரலாற்றுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு ஏதாவது?

நேரடியாகவே இரண்டு உண்டு. எட்வர்ட்ஸ் படித்துக்கொண்டிருந்த கல்லூரிக்கு அப்போது பணத் தட்டுப்பாடு. பாஸ்டன் போதகர் காட்டன் மேதர், சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து செல்வம் சேர்த்த எலைஹு யேலுக்கு 1718-இல் ஒரு கடிதம் எழுதினார். கல்லூரிக்கு உங்கள் பெயர் வைத்தால் அது எகிப்தியப் பிரமிடைவிடச் சிறந்த நினைவுச்சின்னமாக இருக்கும் என்று ஆசை காட்டினார். யேல் துணிப் பொதிகளும் 417 புத்தகங்களும் அனுப்பினார், கல்லூரிக்குப் பெயரும் விழுந்தது. யேலின் மகன் அடக்கம் செய்யப்பட்டதும் சென்னையில்தான்.

அதே மேதர் 1717-இன் இறுதியில் தரங்கம்பாடியிலிருந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்கும் லத்தீனில் கடிதம் எழுதினார். பதில் எழுதியவர் சீகன்பால்கு அல்ல, அவர் 1719-இல் இறந்துவிட்டார். சக ஊழியர் கிரண்ட்லர் எழுதினார். இந்தக் கடிதங்களை மேதர் 1721-இல் பாஸ்டனில் நூலாக அச்சிட்டார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சான செய்தி இப்படித்தான் நியூ இங்கிலாந்து வாசகர் கைக்குப் போனது.

படிக்க விரும்புகிறவர் எதில் தொடங்கலாம்?

வீட்லி ஆக்கமுக்கு எழுதிய கடிதத்தில் தொடங்குங்கள், ஐந்து நிமிடம் போதும். அடுத்து என்ஃபீல்டு பிரசங்கம், சுருக்கப்படாத பதிப்பாகப் பார்த்து எடுங்கள், முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் ‘காமன் சென்ஸ்’ நூலில் அரசாட்சி பற்றிய பகுதியை, பக்கத்தில் 1 சாமுவேல் 8-ஐத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கலாம். தமிழ் வேதாகமமே போதும். பெய்ன் எந்த வரியை எடுத்தார், எதை விட்டார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். இவை எல்லாமே பதிப்புரிமைக் காலம் கடந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். வின்த்ரோப்பின் உரை நடை கடினமானது, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.